கட்டணம் கொடுத்து ஏறுவதா, வரிசையில் நிற்பதா? மலையக வீதிகளுக்கு ஐந்து யோசனைகள்

மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. ஊர்கள் வேறு, கேள்வி ஏறக்குறைய ஒன்று.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். தாயாரின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகிறார். நேரத்தோடு இலக்கம் எடுக்க வேண்டுமானால் விடியுமுன்பே வீட்டைப் பூட்ட வேண்டும். அவருடைய ஊரில் அதிவேக நெடுஞ்சாலை கேட்டு ஒரு மனு சுற்றுகிறது. கையெழுத்துப் போடலாமா என்கிறார்.

வெலிமடையிலிருந்து ஒரு மரக்கறி வியாபாரி. அவருடைய சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறதாம். கட்டணம் வாங்கினாலும் பரவாயில்லை, லொறி நேரத்துக்குச் சந்தைக்குப் போனால் போதும் என்பது ஒரு தரப்பு. டீசலுக்கும் வரி, டயருக்கும் வரி, இனி தாருக்கும் வரியா என்பது மறுதரப்பு.

மூன்றாமவர் கட்டுகஸ்தோட்டைக்காரர். பிள்ளைகள் கண்டியில் படிக்கிறார்கள். நகருக்குள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதிக்கலாம் என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசப் போய், அரங்கில் பாதிப்பேர் எழுந்து கத்தினார்களாம். தானும் கார் வைத்திருப்பவர்தான் என்றாலும், கத்த மனம் வரவில்லை, அதற்காகச் சரி என்று சொல்லவும் துணிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இதுதான்.

மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. அதனால் யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன் 2022 ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைவுபடுத்த வேண்டும்.

போதாத பொருளைப் பங்கிட மனிதர் கண்ட வழிகள் மூன்று: வரிசை, பணம், பங்கீட்டு அட்டை. பொருளாதார நெருக்கடி வந்த அந்த ஆண்டு இலங்கையில் பெற்றோலுக்காக மூன்றையும் பார்த்துவிட்டோம். முதலில் நாட்கணக்கில் வரிசை. பிறகு விலையேற்றம். ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது: வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வீதியின் நடுவே நாய்கள் படுத்துறங்கின. நெரிசலுக்கு மருந்து கண்டுபிடித்த ஆண்டு என்று அதை யாரும் கொண்டாடவில்லை.

வீதியும் அப்படிப்பட்ட பொருள்தான். ஏப்ரல் பருவத்தில் நுவரெலியாவிலும், நீண்ட வார இறுதியில் எல்லவிலும், காலை ஏழு மணிக்குக் கண்டியின் வாசலான கெட்டம்பேயிலும் அது எல்லோருக்கும் போதாது. இப்போது அதை வரிசை போட்டுப் பங்கிடுகிறோம். இலவசம் என்று சொல்லிக்கொண்டு நேரத்தால் விலை கொடுக்கிறோம். கட்டணப் பாதை வந்தால் அந்த விலை பணமாக மாறும். அதனால் எந்த யோசனை வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்குப் பிறகு வரிசையில் நிற்கப்போவது யார்?

## எதைக் கொண்டு அளப்பது

மறுவழி. கட்டணம் கொடுக்க முடியாதவருக்கு, அல்லது கொடுக்க மறுப்பவருக்கு, பயணம் செய்யத்தக்க வேறு பாதை இருக்கிறதா? இருந்தால் கட்டணம் ஒரு விலை. இல்லாவிட்டால் அது வரி. இரண்டுக்கும் ஒரே நியாயம் பேச முடியாது.

இது மலையகத்துக்குப் புதிய சண்டையும் அல்ல. 1848 இல் ஆங்கிலேய அரசு ஒரு வீதிச் சட்டம் கொண்டுவந்தது. வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும். அந்த வீதிகளால் ஆதாயம் கண்டவை பெரும்பாலும் கோப்பித் தோட்டங்கள். மண்வெட்டி பிடித்தவன் கிராமத்தான். அதே ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இருந்த காரணங்களில் இந்தச் சட்டமும் ஒன்று. பயன் ஓரிடத்திலும் பாரம் வேறிடத்திலும் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை நமது மலை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது.

தலைக்கணக்கு. வாகனங்களை எண்ணக் கூடாது, ஆட்களை எண்ண வேண்டும். நெரிசலில் சிக்கிய ஒரு பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 70 பேர் இருக்கலாம். அதன் பின்னால் ஊரும் இருபது கார்களில் மொத்தம் 50 பேர் இருப்பார்கள். பார்வைக்கு இருபது கார்தான் நெரிசல், பஸ் வெறும் தடங்கல். மலையகத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே பல குடும்பங்களுக்கு வாகனம் என்றால் முச்சக்கர வண்டி, இல்லையென்றால் மோட்டார் சைக்கிள்.

பணத்தின் போக்கு. வசூலாகும் ரூபா எங்கே போகிறது? கடன் எந்த நாணயத்தில்?

மலை தாங்குமா. சமவெளியில் தடம் ஒன்றைக் கூட்டுவது நிலம் வாங்கும் வேலை. இங்கே அது மலையை வெட்டும் வேலை.

காலம். ஐந்து ஆண்டில் வருமா, அடுத்த ஏப்ரலுக்குள் வருமா?

## 1. கட்டண அதிவேக நெடுஞ்சாலை

இதற்குத்தான் அதிகம் பேர் ஆசைப்படுகிறார்கள். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலிக்குத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறந்தபோது ஏற்பட்ட பொறாமை மலையகத்தில் இன்னும் ஆறவில்லை. அது 2014 இல் மாத்தறையையும், 2020 இல் அம்பாந்தோட்டையையும் எட்டியது. கட்டுநாயக்கப் பாதை 2013 இல் வந்தது. கண்டிக்கு இன்னும் பழைய ஏ1 வீதிதான். ஏறக்குறைய 115 கிலோமீற்றர், நடுவில் வரக்காபொலை, கேகாலை, மாவனல்லை என்று வரிசையாகக் கடைத்தெருக்கள், முடிவில் கடுகண்ணாவை ஏற்றம்.

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கதை தெரிந்ததுதான். கடவத்தையிலிருந்து மீரிகம வரை முதற் பகுதி, மீரிகமவிலிருந்து குருநாகல் வரை இரண்டாவது, பொத்துஹெரயிலிருந்து கலகெதர வரை கண்டிப் பக்கம் திரும்பும் மூன்றாவது, குருநாகலிலிருந்து தம்புள்ளை வரை நான்காவது. இதில் இரண்டாவது பகுதி மட்டும், சுமார் 40 கிலோமீற்றர், 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சீன எக்சிம் வங்கிக் கடனில் தொடங்கிய முதற் பகுதி பொருளாதார நெருக்கடியில் நின்று, 2025 செப்டெம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. தலையும் இல்லை, வாலும் இல்லை, நடு உடம்பு மட்டும் பல ஆண்டுகள் படுத்துக் கிடந்தது.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்றாம் பகுதியும் முடிந்தால் கொழும்பிலிருந்து வருபவர் மலையடிவாரம் வரை தடையின்றி வருவார். பழைய ஏ1 வீதி அப்படியே இருக்கும், ஆக மறுவழிச் சோதனையில் இது தேறுகிறது. கொழும்புக்கு அடிக்கடி போகும் கண்டி வியாபாரிக்கு, விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் சாரதிக்கு, கொடுக்கும் காசு வீண்போகாது.

இனி மறைந்திருக்கும் செலவுகள்.

கலகெதரயில் நெடுஞ்சாலை முடிகிறது, பயணம் முடியவில்லை. அங்கிருந்து கண்டிக்குப் பழைய குருநாகல் வீதியால் கட்டுகஸ்தோட்டைக்கு வர வேண்டும். அந்தச் சந்தி இன்றைக்கே காலையில் மூச்சுத் திணறுகிறது. சாக்கின் வாயை அகலமாக்கிவிட்டு அடியில் பழைய ஓட்டையையே வைத்தால் தானியம் வேகமாக வந்து குவியும், வேகமாக வெளியேறாது. ஏப்ரலில் கொழும்புக் கார்கள் ஒரு மணி நேரம் முந்தி வந்து சேரும், ஆனால் சேரும் இடம் றம்பொடை ஏற்றத்தின் அடிவாரமாக இருக்கும்.

அடுத்தது, முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதிவேக நெடுஞ்சாலையில் இடமே இல்லை. பஸ் போகலாம், ஆனால் ஆசனத்துக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது, டிக்கெட்டும் அதற்கேற்ற விலை. பாதுகாப்புக்காக வைத்த விதி, நியாயமான விதி. ஆனாலும் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போய், தீபாவளிக்கு முதல்நாள் நின்றபடியே ஊர் திரும்பும் இளைஞனுக்கு அந்தப் பாதை தூரத்துப் பச்சைதான்.

மூன்றாவது, நமது நாட்டில் கட்டணம் தூரத்துக்கும் வாகன வகைக்கும் ஏற்ப மாறுகிறது, நேரத்துக்கு ஏற்ப மாறுவதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல்நாள் மாலைக்கும் ஒரு சாதாரண புதன்கிழமை நண்பகலுக்கும் ஒரே காசு. நெரிசலைக் கட்டுப்படுத்தும் கருவியாகக் கட்டணத்தை இங்கே யாரும் இன்னும் பயன்படுத்தவே இல்லை. வெறும் செலவு மீட்புக்குத்தான் வாங்குகிறோம். அந்த மீட்பிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடன் பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில், வசூல் ரூபாவில். 2022 இல் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ஐத் தாண்டியது. வாசலில் நின்று சில்லறை வாங்குபவர் எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. மீதியை வரியாகக் கொடுப்பவர்களில், அந்தப் பாதையை ஒருமுறைகூடக் காணாத கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருவர்.

வெலிமடை வியாபாரிக்குத் தனியாக ஒரு குறிப்பு. உங்கள் லொறி ஹப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை வழியாக இறங்குவதென்றால் உங்களுக்கு வேண்டியது இந்தப் பாதை அல்ல. கஹதுடுவயிலிருந்து இங்கிரிய, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளை வரை திட்டமிட்ட ருவன்புர நெடுஞ்சாலைதான் உங்களுக்குக் கிட்டியது. 2021 இல் தொடங்கிய அந்த வேலையும் நெருக்கடியில் நின்றது. சங்கத்தின் மனுவில் எந்த நெடுஞ்சாலை என்று எழுதியிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## 2. இருக்கும் வீதியிலேயே ஒரு கட்டணத் தடம்

வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் அதிகம் சிலாகிப்பது இதைத்தான். பெருவீதி ஒன்றின் நடுவே ஓரிரு தடங்களைப் பிரித்துக் கட்டணம் வைப்பார்கள். நெரிசல் கூடக்கூடக் கட்டணமும் கூடும். அவசரக்காரர் காசு கொடுத்து உள்ளே போவார், மற்றவர் பக்கத்துத் தடத்தில் ஊர்ந்து போவார். இதில் தந்திரம் என்று எதுவும் இல்லை, வெறும் கணக்கு: சீராக ஓடும் ஒரு தடத்தில் மணிக்கு ஏறக்குறைய 2,000 வாகனங்கள் கடக்கலாம். அளவுக்கு மீறி நுழைய விட்டால் நின்று நின்று ஓடத் தொடங்கி, கடக்கும் எண்ணிக்கையே சரிந்துவிடும். விலை அந்த எல்லையைத் தாண்டாமல் பிடித்து வைக்கிறது.

கலிபோர்னியாவின் 91 ஆம் இலக்க வீதியில் 1995 டிசம்பரில் திறந்த 16 கிலோமீற்றர்த் தடங்கள் இதற்குப் பேர்போன உதாரணம். அதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கட்டியது தனியார் நிறுவனம். பக்கத்து இலவசத் தடங்களை அரசு விரிவாக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இலவச வரிசை நீண்டால்தானே கட்டணத் தடத்துக்கு ஆள் வரும்! கடைசியில் 2003 ஜனவரியில் அந்தப் பகுதியின் போக்குவரத்து அதிகாரசபை 207.5 மில்லியன் டொலர் கொடுத்து அந்தத் தடங்களை வாங்கிய பிறகுதான் அந்த விலங்கு கழன்றது.

மலையகத்தில் இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 இல், கித்துல்கலைக்கு மேலே, போக ஒரு தடம், வர ஒரு தடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கம்பளை, றம்பொடை வழியாக ஏறும் ஏ5 உம் அப்படியே. இருப்பதே ஒன்று, அதில் எதைப் பிரிப்பது? கட்டுநாயக்கப் பக்கம், கொழும்பின் நுழைவாயில்கள் போன்ற அகலமான இடங்களில் இது பேசத்தக்க யோசனை. நமக்குப் பேச்சோடு போகட்டும்.

## 3. நெரிசல் கட்டணம்: கண்டிக்கு ஒன்று, நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் வேறொன்று

புதிய வீதி எதையும் போடாமல், நெரிசல் நேரத்தில் ஒரு வட்டத்துக்குள் நுழையும் வாகனத்திடம் காசு வாங்குவது இந்த முறை. சிங்கப்பூர் 1975 இல் தொடங்கியது, நாளொன்றுக்கு மூன்று சிங்கப்பூர் டொலர். காரில் நான்கு பேர் இருந்தால் அப்போது கட்டணம் இல்லை. அந்த விலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, தலைக்கணக்குத் தெரிந்தவர் யாரோ எழுதியது. ஸ்டொக்ஹோம் 2006 இல் ஏழு மாதம் பரீட்சித்துப் பார்த்தது. எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று குறைந்தன. தொடங்குமுன் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். பரீட்சை முடிந்து நகரத்தவரிடம் வாக்கெடுத்தபோது பெரும்பான்மை ஆம் என்றது. 2007 இல் அது நிரந்தரமானது.

ஸ்டொக்ஹோம் தீவுகளின் மேல் இருக்கும் நகரம், நுழையப் பாலங்கள்தான் வழி. கண்டிக்கும் அதே வாகு இருக்கிறது. சுற்றிலும் மலை, மூன்று பக்கம் மகாவலி, நடுவில் வாவி. கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை, தென்னக்கும்புர என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்கள். உள்ளே வீதியை அகலமாக்க இடமில்லை, 1988 முதல் உலக மரபுரிமை நகரம் என்பதால் இடிக்கவும் முடியாது. 1998 ஜனவரிக் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தலதா மாளிகை முன்புற வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதும், அந்தச் சுமையும் மற்றத் தெருக்களில் ஏறியது. இடத்தைக் கூட்ட முடியாத ஊரில் வருகையைக் குறைப்பதைத் தவிர வேறு என்ன செய்வது?

எனக்குள்ள தயக்கம் மறுவழி பற்றியது. காரை வீட்டில் விட்டுவிட்டு ஏறத்தக்க பஸ் காலை ஏழு மணிக்குக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறதா? புட்போர்டில் தொங்குவதை நான் மறுவழி என்று எண்ணமாட்டேன். பஸ் முதலில் வர வேண்டும், கட்டணம் பிறகு வர வேண்டும். ஸ்டொக்ஹோமும் கட்டணத்துக்கு முன்பே பஸ் சேவைகளைக் கூட்டிவிட்டுத்தான் தொடங்கியது. அது வரைக்கும் நகரின் நடுவே தரிப்பிடக் கட்டணத்தைப் பாடசாலை நேரத்தில் உயர்த்துவது ஏறக்குறைய அதே வேலையை அரைவாசிச் சண்டையோடு செய்யும். ஒரு பிள்ளைக்கு ஒரு வேன் என்று வாசலில் நிற்கும் பாடசாலை வரிசைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

நுவரெலியாவும் எல்லவும் வேறு மாதிரி. அங்கே நெரிசல் விருந்தினரால் வருகிறது, அதுவும் பருவத்தில் வருகிறது. ஹோட்டன் சமவெளிக்குள் நுழைய நுழைவுக் கட்டணம் கொடுக்கிறோம், யாரும் கூச்சலிடுவதில்லை. ஏப்ரலில் சுற்றுலா வாகனங்களுக்கு அப்படி ஒரு நாள் அனுமதி வைத்தால் என்ன? பஸ், அம்புலன்ஸ், மரக்கறி லொறி, மாவட்டத்துக்குள் வசிப்பவரின் வாகனம் ஆகிய நான்குக்கும் விலக்கு. உல்லாசத்துக்கு வருபவருக்கு மறுவழி தேவையில்லை, மறுநாள் போதும். அடுத்த வாரம் வந்தாலும் கிரகரி வாவி அங்கேயேதான் இருக்கும்.

மறைசெலவு இங்கேயும் உண்டு. வாசலில் நின்று வாங்கினால் அந்த வாசலே புதிய நெரிசலாகும். நானுஓயாப் பக்கம் ஒரு கூடாரமும் கயிறும் கட்டி வசூலிக்கத் தொடங்கினால் வரிசை றதெல்லை வரை இறங்கும். முன்கூட்டியே கைத்தொலைபேசியில் கட்டும் முறை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. அறை கொடுத்துப் பிழைப்பவர்கள் முதல் ஆண்டு எதிர்ப்பார்கள், அதுவும் நிச்சயம். வசூல் கொழும்புத் திறைசேரிக்குள் போய் மறையுமானால் நானும் அவர்களோடு சேர்ந்து எதிர்ப்பேன்.

## 4. கட்டணமில்லாமல் பழைய வீதியைத் திருத்துதல்

பேச்சாளர் எவரும் மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதில்லை. "ஏற்றத்தில் லொறி ஒதுங்க ஒரு கூடுதல் தடம்" என்று யார் சுவரொட்டி அடிப்பார்?

ஆனால் மலைவீதியில் நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாருங்கள். வாகனம் அதிகமாக இருப்பது மட்டுமல்ல காரணம். தேயிலை மூட்டை ஏற்றிய ஒரு லொறி முதலாம் கியரில் ஏறுகிறது. பின்னால் முப்பது வாகனம். வளைவில் முந்த முடியாது. துணிந்து முந்துபவன் எதிரே வரும் பஸ்ஸைச் சந்திக்கிறான், இரண்டு பக்கமும் நிற்கிறது. பஸ் ஒதுங்கும் இடம் இல்லாமல் நடுவீதியில் ஆள் இறக்குகிறது. ஹட்டன் நகரத்துக்குள் கடைக்கு முன் ஒரு வேன் இரட்டை விளக்கைப் போட்டுவிட்டு நிற்கிறது, சாரதி தேநீர் குடிக்கிறார். கினிகத்தேனைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஏறுதடமும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் ஒதுங்கிடமும் இருந்தால் பயணம் எவ்வளவு மாறும் என்பது அந்த வழியில் லொறி ஓட்டும் எவருக்கும் தெரியும். இந்த வேலைக்கு வெளிநாட்டு ஒப்பந்தகாரர் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது சரிவு. 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மலைச்சரிவு உயிர்களைக் கொண்டுபோனது. அது நடந்து ஒரு வாரத்துக்குள் டித்வா சூறாவளி வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் வீதிகளைத் துண்டு துண்டாக்கியது. நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஊர்களுக்கு வீதியே இல்லாமல் போனது. தடுப்புச் சுவர், வடிகால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்து என்று குறித்த சரிவுகளைப் பலப்படுத்துதல் ஆகியவற்றுக்கு எந்த வாசலிலும் கட்டணம் வசூலிக்க முடியாது. அதனாலேயே கணக்கில் எப்போதும் கடைசிக்குப் போகிறது.

இதன் மறைசெலவுகள் இரண்டு. அகலமான வீதி தானாகவே புதிய வாகனத்தை அழைக்கும். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து 2011 இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு, பெருவீதியின் நீளம் கூடிய அளவுக்கே ஓட்டமும் கூடியதைக் காட்டியது. 2020 முதல் நின்றிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்திருக்கிறது. அகலமாக்கியதெல்லாம் எத்தனை நாள் காலியாகக் கிடக்கும்? இரண்டாவது, வேகம். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத் தடுப்பு இல்லாத இடத்தில் தாரை மட்டும் வழவழப்பாக்குவது உதவியாகாது.

## 5. ரயிலும் பஸ்ஸும்

ரயில் கண்டிக்கு 1867 இல் வந்தது, நானுஓயாவுக்கு 1885 இல், பதுளைக்கு 1924 இல். அன்று கோப்பிக்கும் தேயிலைக்கும் போட்ட பாதை. இன்றும் றம்புக்கணைக்கு மேலே பெரும்பாலும் ஒற்றைத் தடம், எதிர் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். தலவாக்கலை, கொட்டகலை, ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும் ஊர்கள். நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்குக் காலையிலும் மாலையிலும் நம்பத்தகுந்த சிறிய வண்டிகள் அடிக்கடி ஓடினால், கெட்டம்பே வரிசையில் நிற்கும் பலர் அங்கே இருக்கத் தேவையில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சரிவு வந்தால் தண்டவாளமும் போகும், டித்வாவில் அதையும் பார்த்தோம். கண்டி நகருக்குள் ரயில் கடவை மூடும்போதெல்லாம் வீதி நிற்கும். எல்லப் பயணத்தின் அழகு உலகறிந்த பிறகு முன்பதிவு ஆசனங்கள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகின்றன. வெளிநாட்டார் படமெடுக்கக் கதவில் தொங்குகிறார், ஊர்க்காரர் இடமில்லாமல் தொங்குகிறார். ரயிலைக் கூட்டினால் மட்டும் போதாது, ஊர்க்காரருக்கென்று பெட்டிகளை ஒதுக்கவும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| யோசனை | மறுவழி உண்டா | யாருக்கு நேரம் மிச்சம் | பணம் | மலை | காலம் |
|---|---|---|---|---|---|
| அதிவேக நெடுஞ்சாலை | உண்டு, பழைய ஏ1 | கொழும்பு - கண்டி கார், வேன், அதிவேக பஸ் | வெளிநாட்டுக் கடன், ரூபா வசூல் | அடிவாரம் வரை சரி | பல ஆண்டுகள் |
| கட்டணத் தடம் | பக்கத்துத் தடம் | காசுள்ள அவசரக்காரர் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | இடமில்லை | பேச்சு மட்டும் |
| கண்டி நெரிசல் கட்டணம் | பஸ் கூடினால்தான் | பஸ் பயணிகள், அம்புலன்ஸ் | சிறு முதலீடு | தொடாது | ஓரிரு ஆண்டு |
| பருவகால அனுமதி | வேறு நாளில் வரலாம் | ஊர்க்காரர், லொறிகள் | உள்ளூருக்கு வந்தால் நல்லது | தொடாது | அடுத்த பருவம் |
| வீதித் திருத்தம் | கேள்வியே இல்லை | எல்லோருக்கும் கொஞ்சம் | அரச வரவு செலவு | கவனமாக வெட்ட வேண்டும் | கட்டம் கட்டமாக |
| ரயில், பஸ் | இதுவே மறுவழி | கார் இல்லாதவர் | நட்டத்தை அரசு தாங்க வேண்டும் | பழைய தடமே | சேவை விரைவில், இரட்டைத் தடம் தாமதம் |

## கடிதக்காரர்களுக்கு

தலவாக்கலை ஆசிரியைக்கு: நீங்கள் ஹட்டன் - நாவலப்பிட்டி வழியாகப் போனாலும், பூண்டுலோயா - கொத்மலை வழியாகப் போனாலும் கம்பளைக்குத்தான் வந்து சேர்வீர்கள். மத்திய அதிவேக நெடுஞ்சாலை முழுவதும் முடிந்த பிறகும் உங்கள் பயணத்தில் அதன் ஒரு மீற்றர்கூட வராது. உங்கள் ஊர் மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை, அதில் உங்கள் நோய் தீராது என்று சொல்கிறேன். நான்காவதையும் ஐந்தாவதையும் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். ஏறுதடம் எந்தெந்த வளைவில் வேண்டும் என்று ஊர் லொறி சாரதிகளிடம் கேட்டுப் பெயர் சொல்லி எழுதினால், பொதுவாக "வீதி வேண்டும்" என்பதைவிட வீதி அபிவிருத்தி அதிகாரசபையில் அதைப் பிரித்துப் படிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

வெலிமடை வியாபாரிக்கு: லொறிக்கு நேரம் என்றால் பணம், ஆகவே கட்டணப் பாதையால் உண்மையாகவே ஆதாயம் காணக்கூடியவர் மூவரில் நீங்கள் ஒருவர்தான். ருவன்புரப் பாதை மீண்டும் உயிர்பெற்றால் கட்டணத்துக்குச் சம்மதியுங்கள், ஆனால் பலாங்கொடைக்கு மேலே எந்த இடத்திலும் வாசல் வேண்டாம் என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றாக நில்லுங்கள். ஹல்துமுல்லைச் சரிவில் உங்களுக்கு வேறு பாதை கிடையாது. ஏப்ரல் அனுமதித் திட்டம் பேச்சுக்கு வந்தால் மரக்கறி லொறிக்கு விலக்கு கேட்டு முதலாவதாக எழுத வேண்டியதும் உங்கள் சங்கம்தான்.

கட்டுகஸ்தோட்டை நண்பருக்கு: அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று இரண்டு நிபந்தனையோடு ஆம் என்று சொல்லுங்கள். கட்டணம் தொடங்குவதற்கு ஒரு பாடசாலைத் தவணைக்கு முன்பே கூடுதல் பஸ் ஓட வேண்டும். காரில் நான்கு பேர் இருந்தால் கட்டணம் கூடாது, சிங்கப்பூர் அன்று செய்ததுபோல. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக்கொண்டால் உங்களுக்குக் காசு மிச்சம், வீதிக்கு ஒரு கார் மிச்சம். மோட்டார் சைக்கிளுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். உங்கள் கூட்டத்தில் அதற்கும் பாதி அரங்கம் எழுந்து கத்தும். என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.